ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

1911-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பிரான்சு நாட்டின் வடகிழக்கில் உள்ள அய் என்ற சிற்றூர் தீப்பற்றி எரிந்தது. தீ வைத்தவர்கள் எதிரி நாட்டுப் படையினர் அல்ல. அக்கம்பக்கத்தில் திராட்சை பயிரிடும் விவசாயிகள்! மது வியாபாரிகளின் கிடங்குகளுக்குள் புகுந்தார்கள். பீப்பாய்களை உடைத்தார்கள். தெருவில் ஒயின் ஓடியது. கலவரத்தை அடக்க ராணுவம் வரவேண்டியதாயிற்று.

நிலத் தகராறா? தேர்தல் தகராறா? இரண்டும் இல்லை. ஒரு பெயருக்காக மூண்ட சண்டை அது. அந்தப் பெயர் "ஷாம்பெயின்".

சினிமாவில் பணக்காரர் வீட்டு விருந்துக் காட்சியில் தக்கை "டப்" என்று பறக்கும். நுரை பொங்கி வழியும். அந்த மதுவைத்தான் ஷாம்பெயின் என்கிறோம். உண்மையில் அது ஊர்ப் பெயர். மார்ன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர் அது. அங்கே விளையும் திராட்சையில் செய்யும் மதுவுக்கு ஊரின் பெயரே நின்றுவிட்டது.

விவசாயி திராட்சையை விளைவிப்பான். பெரிய வியாபாரி அதை வாங்கி மதுவாக்கி விற்பான். ரெயில் வந்த பிறகு வியாபாரிக்கு ஒரு வசதி பிறந்தது. மலிவான வெளியூர்த் திராட்சையையும் வெளியூர் ஒயினையும் வரவழைத்து, ஷாம்பெயின் என்ற சீட்டை ஒட்டி விற்கலாம். 1910-ம் ஆண்டு விளைச்சல் அடியோடு பொய்த்துப் போனது. விவசாயி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் வியாபாரியின் புட்டிகள் மட்டும் குறையவே இல்லை! 1911 ஜனவரியில் வெளியூர் ஒயின் ஏற்றி வந்த வண்டிகளை விவசாயிகள் மறித்து மார்ன் ஆற்றில் தள்ளினார்கள்.

எல்லைக்கோடு

அதற்கு முன்பே, 1908-ல், பிரெஞ்சு அரசாங்கம் ஓர் எல்லைக்கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள் இருந்த மார்ன் மாவட்டத்தாருக்கு மகிழ்ச்சி. வெளியே விடப்பட்ட ஓப் மாவட்டத்தாருக்குக் கொதிப்பு. "நாங்கள் மட்டும் ஷாம்பெயின் மண் இல்லையா?" என்று ஊர்வலம் போனார்கள். சரி, எல்லையையே எடுத்துவிடலாம் என்று 1911-ல் பேச்சு எழுந்தது. அந்தச் செய்தி வந்த கையோடுதான் அய் எரிந்தது. ஓப் மாவட்டத்துக்கு முழு உரிமை கிடைக்க 1927-ம் ஆண்டு வரை ஆயிற்று.

முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, பிற நாட்டு ஒயின்களின் ஊர்ப் பெயர்களை மதித்து நடக்கவேண்டும் என்று தோற்ற ஜெர்மனிக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். போர் ஒப்பந்தத்தில் புட்டியின் சீட்டுக்கும் இடம்! அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. எனவே அங்கே "கலிபோர்னியா ஷாம்பெயின்" விற்றுக்கொண்டே இருந்தது. 2006-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏற்கனவே அப்படி எழுதி விற்றவர்கள் மட்டும் தொடரலாம்; புதிதாக யாரும் எழுதக்கூடாது.

நம் பக்கத்து நாசிக்கிலும் நுரைக்கும் ஒயின் செய்கிறார்கள். அதற்கு ஷாம்பெயின் என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் நாசிக்குக்கு என்று தனியாக ஒரு பெயர் பதிவாகியிருக்கிறது: "நாசிக் வேலி ஒயின்". அடுத்த ஊரின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரையே தூக்கி நிறுத்தியிருக்கிறது நாசிக். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்கு வருவோம்.

கடலை மிட்டாயும் சிக்கியும்

பிரான்சு நாட்டுப் பணக்காரர் குடிக்கும் மதுவைப் பற்றி தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் இருக்கும் நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. நம் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள்ளேயே அது இருக்கிறது.

கோவில்பட்டி கடலை மிட்டாயை அறியாத தென்மாவட்டத்துக்காரர் உண்டா? ஊருக்குப் போய்த் திரும்பும்போது துணிப்பையில் நாலு பாக்கெட் இல்லாமல் ரெயில் ஏறுகிறவர் உண்டா? அந்தப் பெயருக்கு 2014-ல் விண்ணப்பம் போட்டார்கள். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லப்பாகு, அந்த ஊர்க் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்ததே அந்த மிட்டாய் என்று பதிவாகியிருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-ல் கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? மும்பையில் ஒரு பட்டறையில் கிண்டிய மிட்டாயைப் பாக்கெட்டில் அடைத்து, "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்று அச்சடித்து விற்றால் அது சட்டப்படி குற்றம். செய்தவர் கோவில்பட்டியில் பிறந்தவராகவே இருந்தாலும் குற்றம்தான்! அவர் "கடலை மிட்டாய்" என்று எழுதிக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்க முடியாது. நிலக்கடலையையும் வெல்லத்தையும் சேர்த்துக் கிண்டுவது யாருடைய தனிச்சொத்தும் அல்ல. புனா போகும் வண்டி லோணாவ்ளாவில் நின்றால் அதே உறவுக்காரப் பண்டத்தைச் "சிக்கி, சிக்கி" என்று விற்கிறார்களே! பண்டம் எல்லோருக்கும் பொது. ஊர்ப் பெயர் மட்டும் ஊருக்குரியது.

சட்டம் வந்த கதை

இந்தியாவில் இதற்கென்று முன்பு தனிச் சட்டம் கிடையாது. 1994-ல் உலக வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. சொந்த நாட்டிலேயே பாதுகாப்பு இல்லாத ஊர்ப் பெயரை அடுத்த நாடு காப்பாற்ற வேண்டியதில்லை என்பதே அது. வீட்டுக்குப் பூட்டுப் போடாதவன் போலீசில் புகார் கொடுத்துப் பயன் என்ன?

1997-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கம்பெனி ஒன்று சில பாசுமதி அரிசி வகைகளுக்குக் காப்புரிமை வாங்கியது. நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. இந்தியா எதிர்த்து வாதாடிய பிறகு அந்த உரிமையின் பெரும்பகுதி அடிபட்டுப் போயிற்று. இந்தக் கொதிப்பின் நடுவேதான் 1999-ல் பாராளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதன்முதலில் பதிவான பெயர் டார்ஜிலிங் தேயிலை.

ஒரு கம்பெனியின் வியாபாரச் சின்னத்தை அதன் முதலாளி விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஊர்ப் பெயரை அப்படிச் செய்ய முடியாது. யாருக்கும் விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது. அந்த வட்டாரத்தில் முறைப்படி அந்தப் பொருளைச் செய்கிறவர்கள் பயனாளர்களாகப் பதிவு செய்துகொண்டு பயன்படுத்தலாம். ஊர்க் கிணறு மாதிரி. தண்ணீர் எடுக்கலாம், கிணற்றை எழுதி வாங்க முடியாது.

பம்பாய் மிட்டாய் என்ன ஆயிற்று?

இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் முக்கியமாக ஒன்றைச் சொல்கிறார்கள். சில பெயர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டு வெகுதூரம் வந்துவிட்டன. இனி அவை ஊர்ப் பெயர் அல்ல, பண்டத்தின் பெயர் என்பது அவர்கள் வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் மணியடித்து விற்கும் பம்பாய் மிட்டாய் பம்பாயிலிருந்து வந்ததா? இல்லை என்பது அதைக் கேட்டு அழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மைசூர்பாகை மதுரைக்காரரும் கிண்டுகிறார். மைசூர்க்காரர் யாரும் வழக்கு போடவில்லை. பாம்பே சட்னியை ஊற்றிப் பூரி தின்கிறவர் பம்பாயை நினைப்பதில்லை. பெயர் அப்படிக் கரைந்துவிட்டது.

ஆனால் கரைந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? இங்கேதான் சண்டை.

கிரேக்க நாட்டில் ஆட்டுப்பாலில் செய்யும் ஒரு வெள்ளைப் பாலாடைக்கட்டி உண்டு. பெயர் "பெட்டா". பெரும்பகுதி செம்மறி ஆட்டுப்பால். கொஞ்சம் வெள்ளாட்டுப்பாலும் சேர்க்கலாம். டென்மார்க்கில் அதே பெயரில் பசும்பாலில் செய்து டன் கணக்கில் விற்றார்கள். அது பொதுப் பெயர் என்றார்கள். 1996-ல் ஐரோப்பா அதைக் கிரேக்கத்துக்குப் பதிவு செய்தது. டென்மார்க், ஜெர்மனி, பிரான்சு மூன்றும் வழக்குப் போட்டன. 1999-ல் பதிவு ரத்தானது. 2002-ல் மறுபடி பதிவு. 2005-ல் ஐரோப்பிய கோர்ட்டு கிரேக்கத்தின் பக்கம் முடிவாகத் தீர்ப்புச் சொன்னது. பிற நாட்டார் தங்கள் பெட்டா சீட்டுகளில் கிரேக்க நாட்டை நினைவூட்டும் படங்களையும் அடையாளங்களையும் போட்டிருந்ததை கோர்ட்டு சுட்டிக்காட்டியது. பொதுப் பெயர் என்றால் அந்தப் படம் எதற்கு? அருமையான கேள்வி அல்லவா! நம்மூர்க் கோபுரத்தைப் பாக்கெட்டில் அச்சடித்துவிட்டு "இது பொதுப் பெயர்தானே" என்று வாதாடும் கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

இதற்கு நேர்மாறான தீர்ப்பும் உண்டு. சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் "குருயேர்" பாலாடைக்கட்டி வழக்கில், அமெரிக்க மக்கள் அதை ஒரு பொதுப் பெயராகவே அறிவார்கள் என்று அங்குள்ள மேல்முறையீட்டு கோர்ட்டு 2023-ல் சொல்லிவிட்டது. ஒரே கேள்வி. கடல் இந்தப் பக்கம் ஒரு விடை. அந்தப் பக்கம் வேறு விடை.

கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்

பெயர் ஊருக்குரியது என்று முடிவு செய்தாலும் தொல்லை தீராது. ஊர் எதுவரை என்ற கேள்வி வரும்.

இங்கிலாந்தில் ஸ்டில்டன் என்று ஒரு கிராமம். அந்தப் பெயரில் புகழ்பெற்ற நீலக்கோட்டுப் பாலாடைக்கட்டி இருக்கிறது. அதை எந்தெந்த மாவட்டத்தில் செய்யலாம் என்று மூன்று மாவட்டங்களைப் பதிவு செய்தார்கள். ஸ்டில்டன் கிராமம் அந்த மூன்றிலும் இல்லை! தன் பெயர் கொண்ட பண்டத்தைத் தானே செய்ய உரிமை இல்லாத ஊர் அது.

சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்ற பெயரில் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கேயும் காலங்காலமாக ஒயின் செய்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டு விற்றார்கள். 1999-ல் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனோடு செய்த ஒப்பந்தத்தால், 2004-க்குப் பிறகு தன் சொந்த ஊர்ப் பெயரைத் தன் ஒயினில் எழுதும் உரிமையை அந்தக் கிராமம் இழந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். பலிக்கவில்லை. தகப்பன் வைத்த பெயரைப் பெரிய வீட்டுப் பிள்ளைக்காக ஏழை வீட்டுப் பிள்ளை விட்டுக்கொடுத்த கதை இது.

நம் நாட்டிலும் இது உண்டு. 2016-ல் பாசுமதி பதிவானபோது பஞ்சாப், அரியானா, டெல்லி, இமாசலப் பிரதேசம், உத்தரகாண்ட் மாநிலங்களும் உத்தரப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றின் சில பகுதிகளும் உள்ளே வந்தன. மத்தியப் பிரதேசம் வெளியே நின்றது. வழக்கு சென்னை ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று நடந்தது. ஐரோப்பாவில் பாசுமதிக்கு இந்தியா உரிமை கேட்டபோது பாகிஸ்தான் எதிர்த்தது. 1947-ல் போட்ட எல்லைக்கோடு மனிதரைப் பிரித்தது. நெல்லுக்கு அது தெரியுமா?

ரசகுல்லாவுக்காக வங்காளமும் ஒரிசாவும் மோதிக்கொண்டது நாடறிந்த கதை. "பாங்ளார் ரசகொல்லா" 2017-ல் பதிவானது. "ஒடிசா ரசகோலா" 2019-ல் பதிவானது. இரண்டும் வேறு வேறு பண்டம் என்று இருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, சர்க்கரைப் பாகோடு போயிற்று.

மும்பைவாசிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹாபூஸ் மாம்பழம். 2018-ல் ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்காட், தானா, பால்கர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு அல்போன்சா என்ற பெயர் பதிவானது. ஏப்ரல், மே மாதங்களில் வாஷி மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். கர்நாடகத்திலிருந்து வரும் பழம் ஒரு விலை. கொங்கணத்துப் பழம் ஒரு விலை. பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதை இதோடு கலந்து "தேவ்கட்" என்று எழுதிய பெட்டியில் அடுக்கினால் வாங்குகிறவருக்கும் நஷ்டம், தேவ்கட் தோட்டக்காரருக்கும் நஷ்டம். அதே சமயம், தன் தோட்டத்தில் அதே ஒட்டுமரத்தை நட்டு வளர்த்த தார்வார் விவசாயி, "என் மரம் மட்டும் சாதி குறைந்ததா?" என்று கேட்கிறார். அவர் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பெயரோ இருவருக்கும் சொந்தமில்லை. அல்போன்சோ என்பது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பெயர்!

மண்ணா, கையா?

இனி நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தவர்களுக்கு உரிய கேள்விக்கு வருவோம். ஊரை விட்டுப் பிழைக்க வந்தவன் கூடவே தொழிலையும் கொண்டுவருகிறான். பெயரையும் கொண்டுவரலாமா?

இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா பகுதிகளில் "பார்மிஜானோ ரெஜ்ஜானோ" என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். வண்டிச் சக்கரம் போல் பெரிது. ஒரு வருடத்துக்குக் குறையாமல் பழுக்க வைத்த பிறகே விற்பனைக்கு வரும். அங்கிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா போன இத்தாலியர்கள் அதே முறையில் செய்து "பார்மசான்" என்று விற்றார்கள். "என் பாட்டன் கைப்பக்குவம் இது. பெயர் மட்டும் எப்படி எனக்கு இல்லாமல் போகும்?" என்பது அவர்கள் பேரர்களின் வாதம். அமெரிக்காவில் அந்த வாதம் எடுபட்டது. பார்மசான் அங்கே பொதுப் பெயர். ஐரோப்பாவில் எடுபடவில்லை. பார்மசான் என்று சொன்னாலே இத்தாலியின் அசல் பெயர்தான் நினைவுக்கு வருகிறது, எனவே மற்றவர் எழுதக்கூடாது என்று 2008-ல் ஐரோப்பிய கோர்ட்டு சொன்னது.

இப்போது இத்தாலியில் அந்த அசல் பாலாடைக்கட்டிக்கான மாடுகளைக் கறப்பது யார் தெரியுமா? நம் பஞ்சாபியர்கள்! இத்தாலியின் வடபகுதி மாட்டுப் பண்ணைகளில் ஏராளமான சீக்கியர்கள் வேலை செய்கிறார்கள். இத்தாலிய இளைஞர்கள் விடியற்காலையில் எழுந்து சாணம் அள்ள வர மறுத்த இடத்தை இவர்கள் நிரப்பினார்கள். ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்தில் நோவெல்லாரா என்ற ஊரில் 2000-ம் ஆண்டு ஒரு பெரிய குருத்வாராவே கட்டிவிட்டார்கள்.

இத்தாலியிலிருந்து போன இத்தாலியனுக்கு அந்தப் பெயர் இல்லை. இத்தாலிக்கு வந்த பஞ்சாபியின் கைபட்ட பாலுக்கு அந்தப் பெயர் உண்டு! சட்டம் ரத்தத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்க்கிறது. யார் செய்தார் என்று கேட்கவில்லை; எங்கே, எப்படிச் செய்தார் என்று கேட்கிறது.

இது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே படுகிறது. நம் ஊர்ப் பெருமைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பாறை திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே உள்ள ரெயில் நிலையம். அங்கே முறுக்குத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஒரு சமையற்காரர் என்று சொல்கிறார்கள். தண்ணீர் பிடிக்க நின்ற நீராவி வண்டிகளும், சன்னல் வழியே கை நீட்டிய பயணிகளும் அந்த முறுக்கை நாடெங்கும் கொண்டுபோனார்கள். திருநெல்வேலி அல்வாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களோ வடக்கே ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் என்பது அவ்வூரில் எல்லோரும் அறிந்த செய்தி. வந்தவன் கையும் இருந்தவன் மண்ணும் சேர்ந்தபோதுதான் பெயர் பிறந்தது.

பெயர் பிழைத்தது, கை பிழைத்ததா?

பெயரைக் காப்பாற்றுவதற்காக இத்தனை கோர்ட்டு, இத்தனை ஒப்பந்தம். நல்லது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளுக்கு என்ன கிடைத்தது?

ஷாம்பெயின் திராட்சையைக் கையால்தான் பறிக்கவேண்டும் என்பது அங்கே விதி. இயந்திரம் கூடாது. எனவே ஒவ்வோர் ஆண்டும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அறுவடைக்கு வருகிறார்கள். 2023-ம் ஆண்டு அறுவடைக்கு மாலி, மொரிட்டானியா, செனகல் போன்ற ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த தொழிலாளர்கள் சிலரை அழைத்து வந்து, சரியான உணவும் படுக்கையும் இல்லாத ஒரு வீட்டில் அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். 50-க்கு மேற்பட்டவர்கள். 2025 ஜூலையில் ஷாலோன் நகர கோர்ட்டு மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. 1911-ல் எந்தப் பெயருக்காக விவசாயி தெருவில் இறங்கினானோ, அதே பெயரின் நிழலில் நடந்த கொடுமை இது. புட்டியின் சீட்டில் மண்ணைப் பற்றி எல்லாம் இருக்கும். பறித்தவன் எங்கே படுத்தான் என்று இராது.

டார்ஜிலிங் தேயிலையின் விலை வெளிநாட்டில் எங்கேயோ போய் நிற்கிறது. அந்த மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர் காலத்தில் நேபாளத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். 2023-ல் மேற்கு வங்கத் தோட்டத் தொழிலாளரின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 250 ரூபாய் ஆயிற்று. தாராவியில் ஒரு சித்தாளைக் கூப்பிட்டு இந்தக் கூலியைச் சொன்னால் சிரிப்பார்.

"சிலோன் டீ" என்ற பெயரை யோசியுங்கள். 1972-ல் நாட்டின் பெயரே இலங்கை என்று மாறிவிட்டது. ஆனாலும் டீயின் பெயரை மாற்றவில்லை. அவ்வளவு மதிப்பு அந்தப் பெயருக்கு! அந்த மதிப்பை உண்டாக்கியவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கப்பலேறிப் போன நம் மக்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களில் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். டீக்குச் சொந்த ஊர் இருந்தது. கிள்ளிய கைக்கு ஊர் இல்லாமல் போயிற்று.

ஆகவே ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது தேவை. கோவில்பட்டியில் அடுப்படியில் நின்று பாகு காய்ச்சுகிறவர், நல்ல வெல்லம் போட்டதால் இரண்டு ரூபாய் கூடுதலாக விலை வைக்கிறார். கலப்படக்காரர் அதே பெயரைப் போட்டு மலிவாக விற்றால் முதலில் அணைவது அவருடைய அடுப்புத்தான். பெயர் என்பது ஏழைத் தொழிலாளியின் முதல். அதைத் திருடுவதும் பணப்பெட்டியைத் திருடுவதும் ஒன்றே. ஆனால் பெயரைக் காத்ததோடு வேலை முடிந்தது என்று சங்கங்களும் அரசாங்கமும் உட்கார்ந்துவிடக் கூடாது. பதிவு பெற்ற பெயரால் கூடிய விலையில் கூலிக்கு எத்தனை பங்கு போயிற்று என்ற கணக்கையும் கேட்கவேண்டும். பண்டத்தின் தரத்துக்கு விதி எழுத முடிந்தால், செய்கிறவரின் கூலிக்கும் தங்குமிடத்துக்கும் அதே ஏட்டில் விதி எழுத முடியாதா?

நமக்கு ஒரு யோசனை

மும்பையில் பலகாரத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராவியில் எத்தனையோ வீடுகளில் முறுக்குப் பிழிகிறார்கள். சிக்கி போடுகிறார்கள். விடியுமுன் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் ஏற்றி, தலையில் சுமந்து நகரமெங்கும் விற்கிறார்கள். இந்தச் சரக்கு பெரிய கடைகளுக்குப் போகிறது. அங்கே வேறு பெயரில் விற்பனையாகிறது. சிலர் ஊர் ஆசையால், சிலர் வியாபார ஆசையால், மணப்பாறை என்றும் கோவில்பட்டி என்றும் சீட்டு ஒட்டுகிறார்கள். அது வேண்டாம். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியின் முதலில் கை வைக்கும் வேலை அது.

அதற்குப் பதில், நாசிக் செய்ததை நாமும் ஏன் செய்யக்கூடாது? மணப்பாறையும் ஒரு காலத்தில் பெயர் தெரியாத நிலையந்தான். வந்து சேர்ந்த கைகள் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. "தாராவி முறுக்கு" என்று சொல்லக் கூச்சம் எதற்கு? பல தலைமுறையாக அங்கே அடுப்பு எரிகிறது. மராட்டியர் தீபாவளிக்கு வாங்கும் சக்லியிலும் நம் பெண்களின் கைப்பக்குவம் கலந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. பெயர் நிற்க இடம் நிற்கவேண்டும். இங்கிலாந்தில் "நியூகாசில் பிரவுன் ஏல்" என்ற பீருக்கு 2000-ம் ஆண்டு இத்தகைய பாதுகாப்புக் கொடுத்தார்கள். பிறகு ஆலையை ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த அடுத்த ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான், 2007-ல் பாதுகாப்பு ரத்தானது. ஓர் ஆற்றைத் தாண்டியதற்கே அப்படி. தாராவி மறுசீரமைப்பில் யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறு எங்கோ வீடு, அடுப்புப் பட்டறைகளுக்கு என்ன வழி என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. குடியிருக்கும் அறையின் சதுர அடியை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. முறுக்குப் பிழியும் இடத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இத்தனை ஆண்டுகளாக யார் யார் எங்கே என்ன தொழில் செய்தார்கள் என்பதற்கான பழைய லைசென்சு, பில், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் சங்கங்கள் இப்போதே திரட்டி வைக்கவேண்டும். நாளை ஊர்ப் பெயருக்கு விண்ணப்பம் போடுவதென்றாலும் அந்தக் காகிதந்தான் சாட்சி. நாளை மறுநாள் இடம் கேட்டு வாதாடுவதென்றாலும் அதே காகிதந்தான் சாட்சி.